'புதிய நிர்வாகம்': தேர்தலுக்கு முன்பு முதல்வர்கள் ஏன் விலகுகிறார்கள்?

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சாம்பார் தண்ணீராகும், கூட்டம் குறையும். பிறகு ஒருநாள் காலையில் வாசலில் வாழைமரம் கட்டி, 'புதிய நிர்வாகம்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கும். உள்ளே போனால் அதே மேசை, அதே டம்ளர், அதே முதலாளி. கல்லாவில் மட்டும் புது ஆள். ஆனாலும் ஒரு வாரம் கூட்டம் வரும். 'இப்போ எப்படியிருக்குன்னு பார்த்துட்டு வருவோமே' என்று நானே போயிருக்கிறேன்.

2021-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி உத்தராகண்ட் முதல்வர் விலகினார். ஜூலை 26-இல் கர்நாடக முதல்வர், செப்டம்பர் 11-இல் குஜராத் முதல்வர், செப்டம்பர் 18-இல் பஞ்சாப் முதல்வர். மூன்று மாதத்துக்குள் நான்கு பேர். நான்கு மாநிலங்களிலும் தேர்தலுக்கு இரண்டு வருடம்கூட இல்லை. அப்போது டீக்கடையில் கேட்ட விளக்கங்கள் மூன்று: 'ஏதோ ஊழல் மாட்டிக்கிச்சு', 'உடம்பு சரியில்லையாம்', 'தேர்தல்ல நிக்கணும்னா பதவிய விடணும்ல'. முதல் இரண்டும் எப்போதாவது உண்மையாக இருக்கலாம். மூன்றாவது முழுத் தப்பு. இந்தியாவில் முதல்வரும் அமைச்சரும் பதவியில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்கலாம். அரசு ஊழியர்தான் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக முடியாது என்ற விதியிலிருந்து அமைச்சர்களை அரசியலமைப்பே விலக்கி வைத்திருக்கிறது.

பிறகு ஏன் போகிறார்கள்?

## ஒரே சொல், நாலு காரியம்

'விலகினார்' என்று செய்தியில் வருகிற ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. குழப்பத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

ஒன்று, முதல்வர் பதவியை விடுவது. எம்.எல்.ஏ. பதவி அப்படியே இருக்கும், சட்டமன்றமும் இருக்கும், அதே கட்சியின் ஆட்சியும் தொடரும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

இரண்டு, சட்டமன்றத்தையே கலைக்கச் சொல்வது. 2018 செப்டம்பரில் தெலங்கானாவில் சந்திரசேகர ராவ் செய்தது இது. அவர் போகவில்லை, தேர்தலை முன்னால் இழுத்தார். 119 இடங்களில் 88-ஐ வென்று திரும்பி வந்தார். இதையும் நம் ஊரில் 'ராஜினாமா பண்ணிட்டார்' என்று சொல்வதுண்டு.

மூன்று, 'அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை' என்று அறிவிப்பது. 2024 பிரிட்டன் தேர்தலில் முன்னாள் பிரதமர் தெரசா மே, மூத்த அமைச்சர் மைக்கேல் கோவ் உட்பட 130-க்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் இப்படி ஒதுங்கினார்கள். இவர்கள் பதவிக்காலத்தின் நடுவில் எழுந்து போனவர்கள் இல்லை. அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்காதவர்கள். கப்பல் மூழ்குவது தெரிந்துதான் பலர் இறங்கினார்கள் என்றால் அது தவறாகாது: அந்தத் தேர்தலில் ஆட்சியில் இருந்த அவர்களுடைய கன்சர்வேட்டிவ் கட்சி 121 இடங்களோடு நின்றது.

நான்கு, ஒரு பதவியில் இருந்தால் இன்னொன்றில் இருக்க முடியாது என்பதற்காக விடுவது. தெலங்கானா ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் 2024 மார்ச்சில் விலகித் தென்சென்னையில் போட்டியிட்டாரே, அது இந்த வகை. ஆளுநர் எந்த அவையிலும் உறுப்பினராக இருக்க முடியாது. டீக்கடையின் மூன்றாவது விளக்கம் இங்கிருந்துதான் கிளம்பி முதல்வர்கள் மேல் போய் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

## பலகையை மாற்றுவது

முதல் வகைக்குத் திரும்புவோம். ஆட்சியில் இருக்கிற கட்சிமேல் காலப்போக்கில் சேரும் சலிப்பையும் கோபத்தையும் 'ஆட்சி மீதான அதிருப்தி' என்கிறோம். ரோடு போடாதது, ரேஷனில் இழுத்தடித்தது, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காதது என்று எல்லாம் இதில் சேரும். தனித்தனிக் கோபங்கள்தான், ஆனால் ஓட்டுப் போடும்போது ஒரே முகத்தின் மேல் போய் விழும். அந்த முகம் முதல்வருடையது.

கட்சியின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. முகத்தை மாற்றினால் கோபமும் அதோடு போகுமா? கட்சி அப்படியே இருக்க, ஆளை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா? கடையை விற்கவில்லை, பலகையை மாட்டியிருக்கிறார்கள்.

குஜராத்தில் இதை முழுசாகச் செய்தார்கள். விஜய் ரூபானி விலகிய இரண்டாம் நாள், முதல்முறை எம்.எல்.ஏ.வான பூபேந்திர படேல் முதல்வரானார். அதற்கு மூன்று நாள் கழித்துப் பதவியேற்ற 24 அமைச்சர்களில் ஒருவர்கூடப் பழைய அமைச்சரவையைச் சேர்ந்தவர் இல்லை. துணை முதல்வராக இருந்த நிதின் படேலுக்கும் இடமில்லை.

ஒரு நுணுக்கம். இருபதுக்கும் மேற்பட்ட அமைச்சர்களை ஒவ்வொருவராக நீக்கியிருந்தால் இருபது சண்டை வந்திருக்கும். அப்படி யாரையும் நீக்கவே இல்லை. ஒரு அமைச்சர் விலகினால் அவர் மட்டும்தான் போவார். முதல்வர் விலகினால் அமைச்சரவை முழுவதும் போய்விடும், ஏனென்றால் மற்றவர்கள் அவருடைய சிபாரிசில் நியமிக்கப்பட்டவர்கள். புது முதல்வர் பழையவர்களை மறுபடி கூப்பிடாமல் இருந்தாலே போதும். ஒரு கையெழுத்தில் வீடு முழுக்கப் பெருக்கியாகிவிட்டது.

இடையில் நாற்காலி காலியாக இருக்குமா என்று கேட்பவர்களுக்கு: இருக்காது. ராஜினாமாவை ஏற்கும் ஆளுநர், 'அடுத்தவர் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பழையவரையே கேட்பது வழக்கம். அவரைத்தான் காபந்து முதல்வர் என்கிறோம். அன்றாட வேலையைப் பார்ப்பார். பெரிய கொள்கை முடிவில் கைவைக்க மாட்டார்.

இதுவரை சொன்னது: தேர்தலுக்கு முன் முதல்வர் மட்டும் போவதென்றால் ஆட்சி போகவில்லை. அதிருப்தி அவரோடு போகட்டும் என்று கட்சி நினைக்கிறது. அவர் போனால் மொத்த அமைச்சரவையையும் மாற்ற வழி கிடைக்கிறது.

## கையெழுத்து அவருடையது, முடிவு?

'தாமாகவே விலகினார்' என்று எல்லா ராஜினாமாக் கடிதங்களும் சொல்லும். மக்கள் ஓட்டுப் போட்டு வந்த முதல்வரை டெல்லியிலிருந்து யாரோ எப்படி எழுப்பிவிட முடியும்?

முதலில், மக்கள் நேராக முதல்வரைத் தேர்ந்தெடுப்பதில்லை. எம்.எல்.ஏ.க்களைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒரு கட்சியின் எம்.எல்.ஏ.க்கள் எல்லோரும் சேர்ந்தது 'சட்டமன்றக் கட்சி'. அது யாரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறதோ அவரை ஆளுநர் முதல்வராக நியமிக்கிறார். அவர்கள் கை விட்டால் முதல்வர் இல்லை.

அடுத்தது, அந்த எம்.எல்.ஏ.க்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது. இங்கே 'பி படிவம்' வருகிறது. இன்னார்தான் இந்தத் தொகுதியில் எங்கள் அதிகாரபூர்வ வேட்பாளர் என்று கட்சி தேர்தல் அதிகாரிக்குக் கொடுக்கும் தாள் அது. அது இல்லாமல் கட்சிச் சின்னம் கிடைக்காது. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் சமயத்தில் அ.தி.மு.க.வில் யார் அதில் கையெழுத்துப் போடுவது என்று நடந்த இழுபறியைப் பார்த்தவர்களுக்கு அதன் எடை தெரியும்.

இப்போது காலண்டரைப் பாருங்கள். ஆட்சியின் முதல் வருடத்தில் எம்.எல்.ஏ.வுக்கு வேண்டியது அமைச்சர் பதவி, தொகுதிக்குப் பாலம், சொந்தக்காரருக்கு ஒரு டிரான்ஸ்பர். எல்லாம் முதல்வர் கையில். நான்காவது வருடம் வந்துவிட்டால் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மறுபடி சீட். அது மேலிடத்தின் கையில். அதே எம்.எல்.ஏ., அதே முதல்வர்; ஆனால் பிடி கைமாறிவிட்டது. மேலிடப் பார்வையாளர் விமானத்தில் வந்து இறங்கியதும் கூட்டத்தில் எல்லோரும் ஒருமனதாகத் தலையாட்டுவது இதனால்தான். முதல்வரை எழுப்புவது முதல் வருடத்தைவிடக் கடைசி வருடங்களில் சுலபம். தேர்தல் நெருக்கத்தில் இது நடப்பதற்குப் பலரும் கவனிக்காத காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

பஞ்சாபில் அமரிந்தர் சிங்குக்கு நடந்ததை அவரே மறைக்கவில்லை. எம்.எல்.ஏ.க்கள் கூட்டத்தைத் தன்னை ஒதுக்கிவிட்டுக் கட்சி கூட்டியதும், முடிவு புரிந்து கடிதத்தைக் கொடுத்தார். அவமானப்படுத்தப்பட்டதாகப் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதெல்லாம் கொஞ்சம் விநோதமாகத் தெரியலாம். இங்கே பல காலமாக முதல்வரேதான் மேலிடம். கருணாநிதியையோ ஜெயலலிதாவையோ எழுந்திருக்கச் சொல்ல மேலே யாரும் கிடையாது. மாநிலக் கட்சியில் பி படிவத்துக்கு அதிகாரம் கொடுப்பவரும் முதல்வர் நாற்காலியில் இருப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள். அதனால் இந்தக் காட்சியை நாம் வடக்கேயும் கர்நாடகத்திலும்தான் பார்க்கிறோம். நம்மிடமும் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு, ஆனால் அது தலைகீழ். 1963 அக்டோபர் 2-இல் காமராஜர் முதல்வர் பதவியை விட்டார். மூத்தவர்கள் நாற்காலியை விட்டுக் கட்சி வேலைக்கு வர வேண்டும் என்று யோசனை சொன்னவரே அவர்தான். அந்தத் திட்டத்தில் ஆறு முதல்வர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினார்கள். மேலிடம் அவரை எழுப்பவில்லை. எழுந்து போனவர் மூன்று மாதத்தில் அகில இந்தியக் காங்கிரசுக்கே தலைவரானார்.

## ஆறு மாதக் கணக்கு

உத்தராகண்டில் ஒரே வருடத்தில் இரண்டு முதல்வர்கள் போனார்கள். முதலாமவர் திரிவேந்திர சிங் ராவத், நான்கு வருடம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, 2021 மார்ச் 9-இல் விலகினார். மறுநாள் தீரத் சிங் ராவத் பதவியேற்றார். அவர் எம்.எல்.ஏ. இல்லை, மக்களவை எம்.பி.

எம்.எல்.ஏ. இல்லாதவர் முதல்வராகலாமா? ஆகலாம், ஆறு மாதத்துக்கு. அரசியலமைப்பின் 164(4) பிரிவு சொல்வது இதுதான்: அவையில் உறுப்பினராக இல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும், இல்லையென்றால் பதவி போய்விடும். ஆறு மாதம் முடியும்போது விலகி, பிறகு திரும்பப் பதவியேற்று இன்னொரு ஆறு மாதம் வாங்கலாமே என்று தோன்றுகிறதா? பஞ்சாபில் ஒரு அமைச்சர் விஷயத்தில் அது நடந்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது.

ஆக, தீரத்துக்குக் கெடு செப்டம்பர் 10. அதற்குள் ஏதாவது தொகுதியில் இடைத்தேர்தலில் ஜெயிக்க வேண்டும். ஏப்ரலில் சல்ட் தொகுதியில் ஒரு இடைத்தேர்தல் வந்தது, அவர் நிற்கவில்லை. பிறகு எம்.எல்.ஏ.க்கள் இறந்ததால் கங்கோத்ரியும் ஹல்த்வானியும் காலியாயின.

இங்கே இரண்டாவது விதி குறுக்கே வந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151-ஏ பிரிவுப்படி, ஒரு தொகுதி காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். ஆனால் அந்த உறுப்பினரின் மிச்சப் பதவிக்காலம் ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. உத்தராகண்ட் சட்டமன்றம் 2022 மார்ச்சில் முடிகிறது. இரண்டு தொகுதிகளும் காலியானது 2021 ஏப்ரலிலும் ஜூனிலும். ஒரு வருடத்துக்கும் குறைவு. அதோடு கொரோனா இரண்டாம் அலையைக் காட்டித் தேர்தல் ஆணையம் மே மாதமே இடைத்தேர்தல்களைத் தள்ளிவைத்திருந்தது.

'கட்டாயம் இல்லை' என்பதும் 'நடத்தக் கூடாது' என்பதும் ஒன்றல்ல. ஹரியானாவில் 2024 மார்ச்சில் மனோகர் லால் கட்டர் விலகி, எம்.பி.யாக இருந்த நாயப் சிங் சைனி முதல்வரானார். சட்டமன்றத்துக்கு எட்டு மாதம்கூட மிச்சமில்லை. ஆனாலும் கட்டர் காலி செய்த கர்னாலில் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் நடந்தது, சைனி ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். தீரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அல்லது கட்சிக்கு அவருக்காக அந்தச் சிரமம் வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது. இடைத்தேர்தல் நடக்க வழியில்லாததையே காரணமாகச் சொல்லி ஜூலை 2-இல் கடிதம் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, ஏற்கெனவே எம்.எல்.ஏ.வாக இருந்த புஷ்கர் சிங் தாமி வந்தார்.

சுருக்கமாக: வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து முதல்வராக்கினால் ஆறு மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கும். தேர்தலுக்கு ஒரு வருடத்துக்குள் என்றால் இடைத்தேர்தல் நடக்கும் என்று உறுதியில்லை. முகத்தை மாற்ற நினைக்கிற கட்சி, நாள்காட்டியையும் சட்டப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நாள் குறிக்கும்.

## தானாக எழுந்து போகிறவர்கள்

எல்லோரையும் பிடித்துத் தள்ளுகிறார்கள் என்பதும் சரியில்லை. ஜோதி பாசு 1977-இலிருந்து 23 வருடம் மேற்கு வங்க முதல்வராக இருந்துவிட்டு, 86 வயதில், 2000 நவம்பரில் புத்ததேவ் பட்டாச்சார்யாவிடம் பொறுப்பைக் கொடுத்தார். தேர்தலுக்கு ஆறு மாதம் இருந்தது. 2001-இல் இடது முன்னணி 294-இல் 199 இடம் பெற்றது.

நியூசிலாந்தில் இது இரண்டு முறை நடந்தது, இரண்டும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில். மூன்று தேர்தல் ஜெயித்த பிரதமர் ஜான் கீ 2016 டிசம்பரில் விலகினார்; தேர்தல் 2017 செப்டம்பரில். இன்னொரு பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் 2023 ஜனவரியில் விலகினார், தேர்தல் அக்டோபரில். இருவரும் தேர்தலுக்குச் சுமார் ஒன்பது மாதம் விட்டுவைத்துப் போனார்கள். இன்னொரு முழுத் தவணை இருக்கத் தெம்பில்லை என்று ஆர்டெர்ன் வெளிப்படையாகச் சொன்னார். ஜெயித்த ஆறு மாதத்தில் போவது ஓட்டுப் போட்டவர்களுக்குச் செய்கிற மோசம்; தேர்தலுக்கு ஒரு மாதம் முன் போவது அடுத்தவர் கழுத்தில் கல்லைக் கட்டுவது. போக நினைப்பவருக்கு இடையில் இருப்பது அந்த ஒன்றிரண்டு பருவங்கள்தான்.

இருந்தும் ஆர்டெர்னின் கட்சி தோற்றது. ஜான் கீயின் கட்சி அதிக இடம் வாங்கியும் கூட்டணி அமையாமல் எதிர்க்கட்சியானது.

## மருந்து வேலை செய்கிறதா?

குஜராத்தைக் காட்டி 'செய்கிறது' என்பார்கள்: 2022 டிசம்பரில் ஆளும் பா.ஜ.க.வுக்கு 182-இல் 156 இடம், அந்த மாநிலத்தில் எந்தக் கட்சியும் அதற்கு முன் எட்டாத எண்ணிக்கை. உத்தராகண்டில் 70-இல் 47. ஹரியானாவில் 90-இல் 48. பஞ்சாபைக் காட்டி 'இல்லை' என்பார்கள்: 117-இல் காங்கிரசுக்கு 18, புது முதல்வர் சரண்ஜித் சிங் சன்னி நின்ற இரண்டு தொகுதியிலும் தோல்வி. கர்நாடகத்தில் எடியூரப்பாவுக்குப் பிறகு வந்த பசவராஜ் பொம்மை 2023-இல் 224-இல் 66 இடத்தோடு முடித்தார்.

பழைய கதை ஒன்று டெல்லியில் உண்டு. 1998-இல் வெங்காய விலை கண்ணைக் கரித்துக்கொண்டிருந்தபோது, தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கையில் சாஹிப் சிங் வர்மாவை எடுத்துவிட்டு சுஷ்மா ஸ்வராஜை முதல்வராக்கினார்கள். 52 நாள் இருந்தார். காங்கிரசுக்கு 52 இடம், பா.ஜ.க.வுக்கு 15. வெங்காயம் யார் முதல்வர் என்று பார்த்து விலை குறையாது.

இந்த ஜெயிப்பையும் தோல்வியையும் வைத்து நேராகத் தீர்ப்புச் சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. காய்ச்சல் வந்தவர்தான் மருந்து சாப்பிடுகிறார். மருந்து சாப்பிட்டவர்களில் பலர் படுத்துக் கிடக்கிறார்கள் என்பதால் மருந்துதான் படுக்க வைத்தது என்று சொல்ல முடியாது. நிலைமை கெட்ட இடத்தில்தான் முதல்வரை மாற்றுகிறார்கள். மாற்றாமல் இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று பார்க்க இன்னொரு பஞ்சாப் நம்மிடம் இல்லை. ஆனால் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குஜராத்தில் புது முதல்வருக்குப் பதினைந்து மாதம் கிடைத்தது, பழையவர் முணுமுணுக்காமல் ஒதுங்கினார். பஞ்சாபில் ஐந்தே மாதம். பழையவர் வெளியே போய்த் தனிக் கட்சி ஆரம்பித்தார். பலகை மாட்டிய கடை வாசலில் பழைய மாஸ்டர் நின்றுகொண்டு 'உள்ளே போகாதீங்க' என்று கத்தினால் எந்தப் பலகையும் எடுபடாது.

## போனவர்கள் எங்கே போகிறார்கள்

சத்தம் போடாமல் போகிறவருக்கு ஏதோ ஒரு நாற்காலி காத்திருக்கும் என்பது எழுதாத ஒப்பந்தம். பெரும்பாலும் அது காப்பாற்றப்படுகிறது. கட்டர் மூன்று மாதத்தில் மத்திய அமைச்சரானார். திரிபுராவில் 2022 மே மாதம் விலகிய பிப்லப் தேவ் அதே செப்டம்பரில் மாநிலங்களவைக்குப் போனார். எடியூரப்பாவுக்குக் கட்சியில் பெரிய முடிவுகளை எடுக்கும் ஆட்சிமன்றக் குழுவில் இடம் கிடைத்தது. திரிவேந்திர சிங் ராவத் 2024-இல் ஹரித்வார் எம்.பி. ஆனார்.

உத்தராகண்டின் மூன்றாவது முதல்வர் தாமி, 2022 தேர்தலில் கட்சியை ஜெயிக்க வைத்துவிட்டுத் தன் சொந்தத் தொகுதியான கட்டிமாவில் தோற்றுப் போனார். ஆனாலும் அவரையே மறுபடி முதல்வராக்கினார்கள். அவருக்கும் அதே ஆறு மாதக் கடிகாரம் ஓடியது. இந்த முறை சட்டமன்றத்துக்கு ஐந்து வருடம் முழுசாகப் பாக்கி. சம்பாவத் எம்.எல்.ஏ. ஒருவர் இடத்தைக் காலி செய்து கொடுக்க, ஜூன் மாதமே இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தார். நாலு மாதத்துக்கும் குறைவாக முதல்வராக இருந்த தீரத் சிங் ராவத் தன் பழைய மக்களவைத் தொகுதிக்கே திரும்பினார். 2024-இல் அந்தத் தொகுதியின் சீட் வேறொருவருக்குப் போனது.